பிள்ளைகளின் கையில் காசு: பிராண்டேயிலிருந்து ஒரு பார்வை

2022இல் நடந்த பிசா என்ற சர்வதேச ஆய்வின் ஒரு பிரிவு 15 வயது மாணவர்களின் நிதியறிவைச் சோதித்தது. இருபது நாடுகளும் பகுதிகளும் பங்கெடுத்த அந்தச் சோதனையின் முடிவுகள் 2024 ஜூனில் வெளியாகின. பெல்ஜியத்தின் ஃபிளெமிஷ் பகுதி 527 புள்ளிகளோடு முதலிடம் பெற்றது. 521 புள்ளிகளோடு டென்மார்க் இரண்டாவதாக நின்றது. பங்கெடுத்த வளர்ந்த நாடுகளின் சராசரி 498. வட்டி என்றால் என்ன, சம்பளச் சீட்டை எப்படி வாசிப்பது, எந்தக் கட்டணம் நியாயமானது என்பதையெல்லாம் டென்மார்க்கின் பிள்ளைகள் பங்கெடுத்த பெரும்பாலான நாடுகளின் பிள்ளைகளை விட நன்றாக அறிந்திருக்கிறார்கள்.

அப்படியானால் இந்த நாட்டில் வளரும் தமிழ்ப் பிள்ளைகளின் பெற்றோர் இந்தப் பொறுப்பைப் பாடசாலையிடம் விட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாமா? இருக்க முடியாது என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு. பாடசாலை அறிவைத் தரும். சட்டம் காவலாக நிற்கும். பணத்தைக் கையாளும் பழக்கமோ வீட்டில்தான் உருவாகிறது. நம் வீடுகளில் பணம் உழைக்கப்படுகிறது, சேமிக்கப்படுகிறது, ஊருக்கு அனுப்பப்படுகிறது. ஆனால் பிள்ளைகள் முன்னால் அதைப் பற்றிப் பேசுவது குறைவு. அந்த மௌனத்தை உடைப்பதுதான் முதல் வேலை.

இதற்கு பிராண்டே நல்ல எடுத்துக்காட்டு. டென்மார்க்கின் நடு யூட்லாந்தில், ஹேர்னிங்குக்குத் தெற்கே உள்ள சிறு நகரம் அது. காற்றாலை செய்யும் பெரிய தொழிற்சாலையும், 1975இல் தொடங்கிய பெஸ்ட்செல்லர் ஆடை நிறுவனத்தின் தலைமையகமும் அங்கே உள்ளன. 1980களில் இலங்கையிலிருந்து அகதிகளாக வந்த தமிழர்கள் பலர் ஹேர்னிங், ஹொல்ஸ்டப்ரோ, பிராண்டே போன்ற யூட்லாந்து ஊர்களில் குடியமர்த்தப்பட்டார்கள். பிராண்டேயில் இருக்கும் அபிராமி அம்மன் கோயிலுக்கு ஐரோப்பாவின் பல நாடுகளிலிருந்தும் அடியார்கள் வருகிறார்கள். அகதியாக வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று டேனிஷ் பாடசாலைகளில் படிக்கிறார்கள்.

முதல் தலைமுறை கற்ற பாடம்

அந்த முதல் தலைமுறைக்குப் பணத்தைப் பற்றி யாரும் வகுப்பெடுக்கவில்லை. காசு போட்டு வைக்கும் முட்டி, அஞ்சலகச் சேமிப்புப் புத்தகம், கிராமத்துச் சங்கக்கடை, அம்மா பிடித்த சீட்டு, அவசரத்துக்கு அடகு வைத்த சங்கிலி ஆகியவையே அவர்களுடைய பாடப்புத்தகங்கள். மாதம் பிறந்தால் சீட்டுக்காசு கட்டியே ஆக வேண்டும்; தவறினால் அயலில் முகம் கொடுக்க முடியாது. இந்த ஒழுங்கைப் பிள்ளைகள் கண்ணால் பார்த்து வளர்ந்தார்கள். எவருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

டென்மார்க்குக்கு வந்தபின் நிலைமை மாறியது. பயணத்துக்குப் பட்ட கடன், சகோதரிகளின் சீதனம், போரில் இடம்பெயர்ந்த பெற்றோரின் செலவு எல்லாம் ஒருவரின் சம்பளத்தில் விழுந்தன. 1987இல் அன்றைய நீதி அமைச்சர் எரிக் நின்-ஹான்சன் தமிழ் அகதிகளின் குடும்ப இணைவு விண்ணப்பங்களை நிறுத்தி வைக்கச் செய்தார். அது சட்டவிரோதம் என்று வெளிப்பட்டபோது, 1993 ஜனவரியில் பிரதமர் போல் ஷ்லூட்டர் பதவி விலக நேர்ந்தது. டென்மார்க் அரசியலில் 'தமிழர் விவகாரம்' என்று பெயர்பெற்ற அந்த நிகழ்வு பல குடும்பங்களை ஆண்டுக்கணக்கில் இரண்டாகப் பிரித்து வைத்தது. இங்கே ஒருவர் உழைக்க, அங்கே ஒரு குடும்பம் அவரை நம்பி இருந்தது. செலவைச் சுருக்கி, மிச்சத்தை அனுப்பி, இரண்டு வேலை பார்த்து, கடைசியில் வீடும் வாங்கிய அந்தத் தலைமுறையின் சிக்கனம் வணங்கத்தக்கது.

ஆனால் அந்தச் சிக்கனத்துக்குள் இருந்த கணக்கு பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. சப்பாத்து கேட்டால் காசு இல்லை என்ற பதில் வந்தது. அடுத்த வாரமே ஊருக்குக் காசு போனது. ஏன் போனது, எவ்வளவு போனது, எதற்காகப் போனது என்று பல வீடுகளில் சொல்லப்படவில்லை. 'பிள்ளைகள் கஷ்டம் தெரியாமல் வளரட்டும்' என்ற அன்பே இதற்குக் காரணம். அந்த அன்பு பிள்ளைகளுக்கு ஒரு கல்வியை இல்லாமல் செய்தது.

டென்மார்க் அமைத்திருக்கும் படிகள்

டென்மார்க்கின் ஏற்பாட்டில் ஒரு நல்ல ஒழுங்கு தெரிகிறது. வயது ஏற ஏற உரிமையும் பொறுப்பும் படிப்படியாகக் கைமாறுகின்றன.

சின்ன வயதில் வாராவாரம் கைச்செலவுக் காசு கொடுப்பது இங்கே பரவலான வழக்கம். சில வீடுகளில் அது சும்மா வரும். சில வீடுகளில் பாத்திரம் கழுவியதற்கும் அறையைத் துப்புரவாக்கியதற்கும் வரும். போத்தல்களுக்கும் டின்களுக்கும் உள்ள 'பன்ட்' எனப்படும் வைப்புத்தொகை பல பிள்ளைகளின் முதல் வருமானம். டின் ஒன்றுக்கு 1 குரோணர், சிறிய பிளாஸ்டிக் போத்தலுக்கு 1.50, பெரியதற்கு 3 குரோணர். கடையில் உள்ள இயந்திரத்தில் வெறும் போத்தலைப் போட்டுச் சீட்டை எடுக்கும் ஆறு வயதுப் பிள்ளை, எறியும் பொருளுக்கும் விலை உண்டு என்பதைத் தானாகவே கற்றுக்கொள்கிறது.

13 வயதில் சட்டப்படி இலகுவான பகுதிநேர வேலை செய்யலாம். பாடசாலை நாளில் இரண்டு மணி நேரம் என்பது 13, 14 வயதினருக்கான எல்லை. பத்திரிகை போடுவதும் பேரங்காடியில் தட்டுகளை அடுக்குவதும் இந்த வயதுக்கே உரிய வேலைகள். வேலை கிடைத்ததும் வரி அட்டை, வங்கிக் கணக்கு, சம்பளச் சீட்டு என்று பெரியவர்களின் உலகம் ஒன்றன்பின் ஒன்றாக அறிமுகமாகிறது.

15 வயது முக்கியமான திருப்பம். தன் உழைப்பால் சம்பாதித்த காசைத் தானே செலவிடும் உரிமையை அந்த வயதில் டேனிஷ் சட்டம் கொடுக்கிறது. அரச அலுவலகங்களின் கடிதங்களும் 2014 நவம்பர் முதல் 15 வயதானவர்களுக்கு நேரடியாக மின்னஞ்சல் பெட்டிக்கே வருகின்றன. ஆனால் 18 வரை கடன் வாங்க முடியாது. பிள்ளையின் பெயரில் பெற்றோர் நினைத்தபடி கடன் எடுப்பதையும் சட்டம் விடுவதில்லை. 18 ஆனதும் அந்த வேலி ஒரே நாளில் விலகுகிறது. படிப்பவர்களுக்கு எஸ்.யு. எனப்படும் அரச உதவித்தொகை கிடைக்கிறது. அதனுடன் சேர்த்துக் கல்விக் கடனும் எடுக்கலாம். அந்தக் கடனுக்குப் படிக்கும் காலத்திலேயே 4 சதவீத வட்டி ஏறிக்கொண்டிருக்கும்.

சேமிப்புக்கும் தனியான வழி உண்டு. பெற்றோரோ பாட்டன் பாட்டியோ பிள்ளையின் பெயரில் தொடங்கும் சேமிப்புக் கணக்கில் ஆண்டுக்கு 6,000 குரோணர் வரை, மொத்தமாக 72,000 வரை போடலாம். அதில் வரும் வருமானத்துக்கு வரி இல்லை. 14 வயதுக்கு முன் எடுக்க முடியாது. 21 வயதுக்கு மேல் பூட்டி வைக்கவும் முடியாது. மாதம் 500 குரோணர் போட்டால் பன்னிரண்டு ஆண்டுகளில் அந்த எல்லை நிறையும்.

பாடசாலைகளில் 2014இன் சீர்திருத்தத்துக்குப் பிறகு குடும்பப் பொருளாதாரம் சமூகக்கல்விப் பாடத்தின் ஒரு பகுதியாக உள்ளது. ஆண்டுதோறும் மார்ச்சில் வரும் 'பணவாரத்தில்' வங்கி ஊழியர்கள் மேல்வகுப்புகளுக்கு வந்து பாடம் எடுக்கிறார்கள். வங்கிகளின் சங்கமும் கணித ஆசிரியர் சங்கமும் சேர்ந்து இதை நடத்துகின்றன. பயனுள்ள முயற்சிதான். எனினும், கடன் விற்கும் நிறுவனத்தின் ஊழியரே கடனைப் பற்றிக் கற்பிக்கிறார் என்பதைப் பெற்றோர் நினைவில் வைக்க வேண்டும். வங்கியிடம் என்னென்ன கேள்வி கேட்க வேண்டும் என்பதை வங்கிக்கு வெளியே உள்ள ஒருவரும் சொல்லித்தர வேண்டும்.

நம் நாடுகளிலும் இத்தகைய முயற்சிகள் நடந்ததுண்டு. 1970ஐ ஒட்டி இந்தியாவில் தொடங்கிய 'சஞ்சாயிகா' திட்டத்தில் மாணவர்களே பாடசாலைக்குள் சேமிப்பு வங்கி நடத்தினார்கள். 2014இல் இந்திய ரிசர்வ் வங்கி, பத்து வயதுக்கு மேற்பட்ட சிறுவர்கள் தாமே சேமிப்புக் கணக்கை நடத்த அனுமதித்தது. டெல்லியில் 'பட்டர்ஃபிளைஸ்' என்ற அமைப்பு 2001இல் தெருவோரச் சிறுவர்களுக்காக ஒரு வங்கியைத் தொடங்கி, அதை அந்தச் சிறுவர்கள் கையிலேயே ஒப்படைத்தது. பிள்ளைகளை நம்பி உண்மையான காசைக் கையாள விட்டது இந்த முயற்சிகளின் சிறப்பு.

ஆய்வுகள் சொல்வது என்ன?

நிதிக்கல்வி உண்மையில் பலன் தருகிறதா என்பதில் அறிஞர்களிடையே நீண்ட விவாதம் நடந்திருக்கிறது. 2014இல் பெர்னாண்டஸ், லிஞ்ச், நெட்மேயர் ஆகிய மூவர் 201 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். மக்களின் பண நடத்தையில் காணும் வேறுபாடுகளில் நிதிக்கல்வியால் விளக்கக்கூடியது 0.1 சதவீதம் மட்டுமே என்பது அவர்களுடைய முடிவு. கற்றது காலப்போக்கில் மறந்துபோகிறது. தேவைப்படும் நேரத்தில் கொடுக்கும் கல்வியே நிற்கும் என்றும் அவர்கள் சொன்னார்கள். 2022இல் கைசர், லுசார்டி, மென்கோஃப், அர்பன் ஆகியோர் 76 சோதனைகளைத் தொகுத்தபோது நம்பிக்கையான முடிவு வந்தது: நிதிக்கல்வி அறிவையும் நடத்தையையும் மேம்படுத்துகிறது. எனவே கற்பிக்கலாமா வேண்டாமா என்ற கேள்வி பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. எப்போது, எப்படி என்ற கேள்விகளே மிஞ்சியிருக்கின்றன.

கற்பிப்பதில் ஆபத்தும் உண்டு. பிரேசிலில் 2010, 2011இல் 892 பாடசாலைகளில் நடந்த பெரிய சோதனையில் மாணவர்களின் சேமிப்பு உயர்ந்தது. ஆனால் அதே மாணவர்கள் பொருள் வாங்க அதிக வட்டிக் கடனை நாடுவதும் கூடியது. கானாவில் 135 பாடசாலைகளில் நடந்த ஆய்வில், சேமிப்பை மட்டும் கற்பித்த திட்டத்தில் சேர்ந்த பிள்ளைகள் வேலைக்குப் போவது அதிகரித்தது. உரிமை, கல்வி, பொறுப்பு ஆகியவற்றையும் சேர்த்துக் கற்பித்த திட்டத்தில் அப்படி நேரவில்லை. 'காசு சேர்' என்று மட்டும் சொல்லி நிறுத்தினால் பிள்ளை காசை மட்டுமே பார்க்கத் தொடங்கும் என்பதை இந்த இரு ஆய்வுகளும் எச்சரிக்கின்றன.

வயதைப் பற்றியும் ஆய்வுகள் உண்டு. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் வைட்பிரெட்டும் பிங்கமும் 2013இல் எழுதிய அறிக்கை, திட்டமிடுதல், காத்திருத்தல் போன்ற அடிப்படைப் பழக்கங்கள் ஏழு வயதுக்குள் வேர்விடுகின்றன என்கிறது. ஏழு வயதோடு எல்லாம் முடிந்துவிட்டது என்று இதற்குப் பொருள் கொள்ளத் தேவையில்லை. சீக்கிரம் தொடங்கலாம் என்று எடுத்துக்கொண்டால் போதும்.

காத்திருத்தலைப் பற்றிய புகழ்பெற்ற சோதனை வால்டர் மிஷெல் ஸ்டான்ஃபோர்டில் நடத்தியது. இப்போது ஒரு இனிப்பு, பொறுத்திருந்தால் இரண்டு. பொறுத்த பிள்ளைகளே பின்னாளில் வாழ்க்கையில் முன்னேறினார்கள் என்று அதிலிருந்து பலர் முடிவுகட்டினார்கள். 2018இல் அதைப் பெரிய அளவில் மீண்டும் ஆராய்ந்தபோது, குடும்பப் பின்னணியைக் கணக்கில் எடுத்ததும் அந்தத் தொடர்பு பெருமளவு தேய்ந்துபோனது. இதைவிடப் பெற்றோர் அறிய வேண்டியது 2013இல் செலஸ்ட் கிட் குழுவினர் ரொச்செஸ்டரில் நடத்திய சோதனை. சொன்ன சொல்லைக் காப்பாற்றிய பெரியவர் முன்னால் பிள்ளைகள் சராசரியாகப் பன்னிரண்டு நிமிடம் காத்திருந்தார்கள். சொல் தவறியவர் முன்னால் மூன்று நிமிடம்தான். பிள்ளையின் பொறுமையில் பாதி நம்முடைய நேர்மை. 'அடுத்த மாதம் வாங்கித் தருகிறேன்' என்று சொல்லிவிட்டு மறக்கும் பெற்றோர், சேமிப்பதில் பயன் இல்லை என்றே பிள்ளைக்குக் கற்பிக்கிறார்கள்.

கண்ணுக்குத் தெரியாத காசு

இன்றைய பிள்ளைகள் எதிர்கொள்ளும் புதிய சிக்கல் காசு கண்ணில் படாததுதான். டென்மார்க்கில் அட்டையும், 2013இல் வந்த மொபைல்பேயும் பணத்தாளைப் பெரும்பாலும் ஓரங்கட்டிவிட்டன. 1000 குரோணர் தாளே 2025 மே 31உடன் செல்லாமல் போனது. முட்டியில் காசு கனப்பதை உணர்ந்து வளர்ந்த பாட்டிக்கும், திரையில் எண் குறைவதை மட்டும் பார்க்கும் பேரனுக்கும் பண அனுபவம் வேறு வேறு. திரை விளையாட்டுகளில் உண்மைக் காசை வேறு பெயர் கொண்ட விளையாட்டுக் காசாக மாற்றி விற்கிறார்கள். மாற்றிய பின் ஒரு பொருளின் உண்மை விலை என்ன என்று பிள்ளைக்குத் தெரியாமல் போகிறது; இந்த மயக்கம் விற்பனையாளருக்கு இலாபம்.

அடுத்தது 'இப்போது வாங்கு, பிறகு கட்டு' என்ற விற்பனை முறை. 18 ஆனவுடன் இளைஞர்களுக்கு முன்னால் இது வந்து நிற்கிறது. 2023இல் வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் நுகர்வோர் கடன் விதிகள் இவ்வகைக் கடனையும் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவருகின்றன. 2026 நவம்பரிலிருந்து அவை நடைமுறைக்கு வர வேண்டும். குறுஞ்செய்தி அனுப்பினால் கிடைக்கும் விரைவுக் கடன்களை டென்மார்க் முன்பே கட்டுப்படுத்திவிட்டது. 2020 ஜூலை 1 முதல் ஆண்டுச் செலவு 35 சதவீதத்துக்கு மேற்பட்ட கடனைக் கொடுக்கக் கூடாது. 25 சதவீதத்துக்கு மேற்பட்டதை விளம்பரப்படுத்தக் கூடாது. கடனின் மொத்தச் செலவு வாங்கிய தொகையைத் தாண்டக் கூடாது. கடனைக் கட்டத் தவறியவர் ஆர்.கே.ஐ. எனப்படும் பதிவேட்டில் சேர்க்கப்பட்டால் வங்கிக் கடன் மட்டுமல்ல, வாடகை வீடும் கைப்பேசி ஒப்பந்தமும் கூடக் கிடைப்பது கடினம். பத்தொன்பது வயதில் ஒரு கைப்பேசிக்காக அங்கே பெயர் ஏறினால், தலையெடுக்க ஆண்டுகள் ஆகும். சிக்கியவர்களுக்கு நுகர்வோர் மன்றம் போன்ற அமைப்புகள் இலவசமாகக் கடன் ஆலோசனை தருகின்றன. அதை நாடுவதில் வெட்கத்துக்கு இடமில்லை.

நம் வீடுகளின் தனிக் கேள்விகள்

டேனிஷ் பிள்ளைகளுக்குப் பதினான்கு வயதளவில் கிறிஸ்தவ உறுதிப்பூசுதல் விழாவில் பெருந்தொகை அன்பளிப்பாக வருகிறது. அதற்கு அடுத்த 'நீலத் திங்கள்' என்ற நாளில் அந்தக் காசோடு கடைவீதிக்குப் போவது அவர்கள் வழக்கம். நம் பெண்பிள்ளைகளுக்கு ஏறத்தாழ அதே வயதில் சாமத்தியவீட்டில் உறைகள் சேர்கின்றன. இந்தக் காசு யாருடையது? மண்டபத்துக்கும் சாப்பாட்டுக்கும் பட்ட செலவை அதில் கழிக்கலாமா? திரும்பச் செய்ய வேண்டிய மொய்க்காக எடுத்து வைப்பதா, பிள்ளையின் கணக்கில் போடுவதா? எந்த விடையும் தவறில்லை. பிள்ளைக்குச் சொல்லாமல் முடிவெடுப்பதுதான் தவறு. எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது, உன் பங்கு எது என்று அவளோடு அமர்ந்து கணக்குப் பார்த்தால், அந்த ஒரு மாலை பத்து வகுப்புகளுக்குச் சமம்.

இரண்டாவது கேள்வி ஊருக்கு அனுப்பும் காசு. பாட்டியின் மருந்துக்கு, பெரியப்பாவின் வீட்டுக் கூரைக்கு, ஊர்ப் பாடசாலைக்கு என்று போகும் தொகையைப் பிள்ளைகள் அறிய வேண்டும். அறிந்தால், தங்களுக்கு வராத சப்பாத்துக்குக் காரணம் புரியும். கொடுப்பது நம் வாழ்க்கையின் ஒரு பகுதி என்பதும் புரியும். எல்லை வைத்துக் கொடுக்கக் கற்பதும் இதில் அடங்கும். தன் சக்திக்கு மேல் கடன்பட்டு ஊருக்கு அனுப்பிய பெற்றோரின் கதையை அடுத்த தலைமுறை திருப்பி எழுதத் தேவையில்லை.

மூன்றாவது, ஆண்பிள்ளைக்கும் பெண்பிள்ளைக்கும் காட்டும் வேறுபாடு. மகளுக்கு நகை, மகனுக்குக் கார் என்று சேமிப்பைப் பிரித்து, வங்கி விவகாரத்தை மகனிடம் மட்டும் பேசும் வழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. தன் பெயரில் உள்ள தங்கத்தின் மதிப்பையோ, தன் ஓய்வூதியக் கணக்கையோ அறியாத பெண் எவ்வளவு படித்தும் பிறரைச் சார்ந்தே இருப்பாள். வீட்டுக் கணக்கில் மகளும் மகனும் ஒன்றாக அமர வேண்டும்.

நான்காவது, ஆடை. பிராண்டேயில் வளரும் பிள்ளைகளுக்கு இது கைக்கெட்டும் பாடம். உலகெங்கும் இளையோர் அணியும் வேரோ மோடா, ஜாக் அண்ட் ஜோன்ஸ் போன்ற பெயர்களை நடத்தும் பெஸ்ட்செல்லரின் தலைமையகம் அவர்கள் ஊரிலேயே இருக்கிறது. ஒரு சட்டையின் விலையில் துணி, தையல், கப்பல், கடை வாடகை, விளம்பரம், வரி, இலாபம் எல்லாம் அடங்கியிருக்கின்றன என்று ஒருமுறை பிரித்துக் காட்டுங்கள். விளம்பரத்தைப் பார்க்கும் கண்ணே மாறிவிடும்.

வயதுக்கு ஏற்ற வழி

ஐந்து முதல் எட்டு வயதுவரை, சிறு தொகை நாணயமாகவே கையில் தரலாம். செலவு, சேமிப்பு, கொடை என்று மூன்று முட்டிகள் வைத்தால் போதும். பன்ட் காசு முழுவதும் பிள்ளைக்கே உரியதாக இருக்கட்டும். கொடுப்பதாகச் சொன்ன நாளில் தவறாமல் கொடுக்க வேண்டும்.

ஒன்பது முதல் பன்னிரண்டு வயதில் தொகையை மாதமாக்கி, அதற்குள் சில செலவுகளை அவர்களிடமே விடலாம். காசு மாத நடுவில் தீர்ந்துவிட்டால் உடனே ஈடு செய்யாதீர்கள், ஏசவும் வேண்டாம். இருபது குரோணரில் செய்யும் பிழை இருபதாயிரத்தில் செய்யும் பிழையைத் தடுக்கும். பழைய விளையாட்டுப் பொருட்களைப் பழம்பொருள் சந்தையில் விற்கக் கூட அழைத்துப் போங்கள். லெகோவின் ஊரான பிலுண்டுக்கு அருகே வளரும் பிள்ளைகளுக்கு லெகோ கட்டைகளின் மறுவிலை தெரிந்திருக்கும்.

பதின்மூன்று முதல் பதினேழு வயதில் பகுதிநேர வேலை, சம்பளச் சீட்டு, வரி ஆகியவற்றைச் சேர்ந்து வாசியுங்கள். உடை, கைப்பேசி, போக்குவரத்து ஆகியவற்றுக்கான தொகையை மொத்தமாகக் கொடுத்து, கணக்கை அவர்களே எழுத விடுங்கள். 15 வயதுக்குப் பின் அவர்கள் உழைத்த காசு அவர்களுடையது. ஆலோசனை சொல்லலாம், பறிக்கக் கூடாது. வீட்டு வாடகை, வட்டி, மின்கட்டணம், ஊருக்கு அனுப்பும் தொகை எல்லாம் உள்ள குடும்பக் கணக்கை மாதம் ஒருமுறை மேசையில் விரியுங்கள்.

பதினெட்டுக்கு முந்தைய ஆறு மாதங்கள் மிக முக்கியம். எஸ்.யு. கடனின் வட்டி, ஆர்.கே.ஐ., காப்புறுதி, வாடகை ஒப்பந்தம் ஆகிய நான்கையும் அப்போது பேச வேண்டும். தேவைப்படும் நேரத்தில் கொடுத்த கல்வியே நிலைக்கும் என்ற 2014 ஆய்வின் முடிவு இங்கே கைகொடுக்கிறது.

சமூகத்துக்கும் பங்கு உண்டு. நம் தமிழ் வகுப்புகளில் வட்டி, அசல், வரவு, செலவு ஆகிய சொற்களை உண்மையான கணக்கோடு கற்பிக்கலாம். கோயில்களும் ஊர்ச்சங்கங்களும் ஆண்டுக் கணக்கறிக்கையை இளையோர் முன்னால் வைத்து, கேள்வி கேட்க அவர்களை அழைக்கலாம். பொதுக்காசைக் கணக்குக் கேட்டு வளர்ந்த பிள்ளை, சொந்தக் காசிலும் கவனமாக இருக்கும்.

டென்மார்க்கின் சட்டமும் பாடசாலையும் நம் பிள்ளைகளுக்கு நல்ல அடித்தளம் தந்திருக்கின்றன. முதல் தலைமுறையின் உழைப்பும் சிக்கனமும் அவர்களுக்குச் சொத்தாக இருக்கின்றன. இரண்டையும் இணைக்கும் பேச்சு மட்டும் குறைகிறது. பெற்றோரே, இந்த மாதச் சம்பளம் வந்ததும் வீட்டுக் கணக்கைப் பிள்ளைகளோடு சேர்ந்து எழுதுங்கள். வரவையும் கடனையும் மறைக்காதீர்கள். உங்கள் கஷ்டத்தை அறியும் வயது அவர்களுக்கு வந்துவிட்டது.